ஏசி போன சுவரும் மதினியின் கூடையும்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதம், மழை விட்டும் விடாமலும் நின்ற ஒரு வாரக் கடைசியில் இது நடந்தது. இடம் எங்கள் வீடுதான். இலங்கை மலையகத்தில் எல்ல என்ற ஊரின் டவுனிலிருந்து பசறை வீதியில் சற்று ஏறினால், தேயிலை மலையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடு. அதோடு சேர்ந்த இரண்டு அறைகளைத் தயார்செய்து சுற்றுலா வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நானும் என் மனைவியும் முடிவெடுத்திருந்தோம். சரியாகச் சொன்னால், முடிவெடுத்தது நான், நம்பியது அவள். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், கொழுந்து பறிக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவள் விட்டது என் பேச்சைக் கேட்டுத்தான்.

நான் அதற்கு முன் பண்டாரவளையில் ஒரு ஹார்ட்வேர் கடையில் நின்றவன். பாதி ஆயுள் சீமெந்தும் பெயின்ட்டும் விற்றிருக்கிறேன். விற்றிருக்கிறேன் என்பதைக் கவனியுங்கள். பூசியதில்லை.

எனக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் கை சும்மா இருக்காது. அறைகளைத் தயார்செய்து முடித்த புதிதில், "ஏசி இல்லாட்டி வெள்ளைக்காரங்க வாசலோட திரும்பிருவாங்க" என்று யாரோ டீக்கடையில் சொன்னார்கள். உடனே பயம். எங்கிருந்தோ ஒரு பழைய ஏசியைத் தேடிப்பிடித்து முன் அறைச் சுவரில் மாட்டிவிட்டேன். போர்வைக்கு மேல் போர்வை போட்டுத் தூங்குகிற ஊரில், அறைக்குள் இன்னும் கொஞ்சம் குளிர் வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். முதல் தடவை அதைப் போட்டுக் காட்டியபோது என் மனைவி ஸ்வெட்டரோடு வந்து பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்ச நாளில் அதுவே வெட்கப்பட்டதுபோல் நின்றுவிட்டது. பிறகு அதன் மேல் துவாய் காயப்போட்டோம்.

இந்த நிலைமையில்தான், அறைகளுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு மிஸ் திங்கட்கிழமை காலையில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. அனுமதி கிடைத்தால் அந்தச் சீசனிலேயே சுற்றுலா ஆட்களை எடுக்கலாம். கிடைக்காவிட்டால் எங்களுக்குத் திரும்பிப் போக இடமில்லை. மனைவியின் இடத்தில் பிள்ளை மடுவத்தில் வேறொரு பெண் சேர்ந்தாயிற்று. கடையில் என் இடத்தில் முதலாளியின் மருமகன் உட்கார்ந்தாயிற்று. அந்த இரண்டு அறைகள்தான் இனி எங்கள் சோறு.

மறுபடியும் டீக்கடை. மறுபடியும் யாரோ. "வேல செய்யாத சாமான் ரூம்ல இருந்தா அந்த எடத்துலயே ஃபெயிலு" என்றார். மறுபடியும் பயம். சனிக்கிழமையே வெல்லவாயவில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டேன். என் மனைவியின் தம்பி. அந்த ஊர் வெயிலில் மண்டை வெடிக்கும். ஏசியைத் திருத்தி வைத்துக்கொள்கிறேன் என்று சந்தோஷமாகச் சின்ன லொறியோடு வந்தார்.

நான்கு போல்ட்டுகள். மூன்று ஒழுங்காகக் கழன்றன. நாலாவது மாட்டேன் என்றது. மச்சான் இழுத்தார், நான் அவரைப் பிடித்து இழுத்தேன். ஏசி வந்தது. கூடவே சுவரும் வந்தது.

அது பழைய மண்கல் சுவர், மேலே அப்பளம் கனத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு. அது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழுந்திருந்தது. நடுவில் ஏசியின் குழாய் போன துளை. கை முஷ்டி நுழையும் அளவு, சுவரைத் தாண்டி வெளியே போய்விட்டது. குனிந்து பார்த்தால் ரோடும் எதிர் மலையும் ஒரு மாடும் தெரிந்தன. அறைக்கு ஒரு ஜன்னல் கூடியிருந்தது.

மச்சான் ஏசியை லொறியில் ஏற்றிக்கொண்டு, "பாத்துச் செய்யுங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு மலையிறங்கினார். அந்த நேரத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஓரங்கள் பிசிறாக இருக்கின்றனவே, தட்டி நேராக்கலாம் என்று ஒரு சுத்தியலை எடுத்தேன். தட்டு அளவு இருந்தது தாம்பாளம் அளவானது. அதை நேராக்கப் போய் முறம் அளவானது.

என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "தொடாதீங்க. நீங்க தொடத் தொட வளருது" என்றாள்.

சீமெந்து குழைத்து அப்பினேன். மழைக் குளிரில் காய்வதற்குப் பதிலாக அது யோசித்துக்கொண்டே இருந்தது. ஞாயிறு காலையில் போய்ப் பார்த்தால் மொத்தமாக இறங்கி, மாடு சாணி போட்டதுபோல் தரையில் உட்கார்ந்திருந்தது. கொத்து வேலை செய்யும் மேசன் பாஸுக்குப் போன் போட்டேன். "அண்ணே, ஞாயித்துக்கெழம நான் செவுத்தப் பாக்கிறதில்ல. பாத்தாலும் ரெண்டு செவுரா தெரியும்" என்று உண்மையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆகவே மறைக்கலாம் என்று முடிவெடுத்தேன். துளைக்குள் என் பழைய பனியனைச் சுருட்டித் திணித்தேன். மேலே ஒரு பெரிய காலண்டரை மாட்டினேன். எல்ல மலை இடைவெளியில் காற்று எப்படி வரும் என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். பனியனையும் மீறி வந்த காற்றில் காலண்டர் படபடவென்று அடித்து, மார்கழியையும் தையையும் காட்டிக்கொண்டிருந்தது. பூசை அறையிலிருந்த பெரிய முருகன் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மனைவி வழி மறித்தாள்.

"சாமிய ஓட்டைக்கு மூடியா வைப்பீங்களா?"

"ஒரு நாளைக்குத்தான் புள்ள. அவருக்கும் எடம் மாறுன மாதிரி இருக்கும்."

"கொண்டுபோய் வைங்க மொதல்ல."

வைத்தேன். அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. எல்ல டவுனில் எந்தக் கடைச் சுவரைப் பார்த்தாலும் ஒரு கொழுந்துக் கூடை தொங்கும். வெளிநாட்டுக்காரர்கள் அதற்கு முன் நின்று படம் எடுப்பார்கள். ஆனால் கடைகளில் விற்கிறவை பொம்மைக்குக் கட்டுகிற அளவு. என் முறத்துக்கு வேலைக் கூடைதான் பொருந்தும். வேலைக் கூடை இருப்பது மதினியிடம்.

மதினி என் அண்ணன் மனைவி. எங்களுக்கு மேலே, தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் இருக்கிறார். கொழுந்து பறிக்கிறவர். கைக்கும் வாய்க்கும் ஒரே வேகம். என்னை மூச்சு முட்டக் கேலி செய்வது அவருக்கு ஓய்வெடுப்பது மாதிரி. அவரிடம் உண்மையைச் சொன்னால் தோட்டம் முழுக்கச் சிரிக்கும் என்று பயந்து, "ஒரு வெள்ளைக்காரருக்குப் போட்டோ எடுக்கணுமாம் மதினி" என்றேன்.

"கூடைய எடுக்கிற ஆளு, அத சொமக்கிறவள எடுக்க மாட்டாராமா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். "அந்திக்குள்ள வந்துறணும் கொழுந்தனாரே. காலையில பெரட்டுக்கு வெறுங்கையோட போய் நின்னா கணக்கப்புள்ள என்னையவே கிள்ளிப் போட்டுருவாரு."

காலையில் எல்லோரையும் நிறுத்தி, மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்தான் பெரட்டு. அங்கே கூடையில்லாமல் போவது எவ்வளவு அவமானம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அந்தியில் கூடையைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. வேறு சாக்குப் பை ஏதாவது எடுத்துக்கொண்டு போவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூடையை மாட்டியதும் என் மனைவிக்கு முகம் கோணிப்போனது. தோட்டத்து லயங்களில் ஒரு வழக்கம். வேலை செய்கிறவளின் கூடை தரையில்தான் இருக்கும். வேலை விட்டு நின்றவர்களின் கூடையை, இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்தவர்களின் கூடையைத்தான் சுவரில் மாட்டுவார்கள். "நல்லா உசிரோட மலைக்குப் போய்ட்டு வாறவங்க கூடைய இப்புடித் தொங்கவிடுறது நல்லாவா இருக்கு?" என்றாள்.

"ஆபீஸ்ல இருந்து வாற மிஸ்ஸுக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன். உண்மைதான், மிஸ்ஸுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை மிஸ் வந்தார். பதுளையிலிருந்து ஜீப்பில். சிங்களப் பெண்மணி, ஆனால் நிறுத்தி நிறுத்தி நல்ல தமிழ் பேசினார். 'இல்லையா' என்கிற இடத்தில் மட்டும் சிங்கள 'நே' ஒட்டிக்கொண்டு வந்தது. என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலோரம் ஒதுங்கி நின்றாள். நான் முன் அறைக்குள் அவரைக் கூட்டிப்போய், கட்டிலையும் கதவையும் விட்டுவிட்டு நேராக அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். திருடன் புதைத்த இடத்தையே சுற்றுவான் என்பார்களே, அதுதான்.

கூடை மெதுவாக ஆடியது. ஒவ்வொரு காற்றுக்கும் இடம், வலம். அறையில் எல்லாமே அப்படித்தான் போலிருக்கிறது என்று அவர் நினைக்கட்டும் என்று நானும் சேர்ந்து தலையாட்டினேன்.

"கூடை ஆடுது நே?" என்றார் மிஸ்.

"ஃபேன் காத்து மிஸ்."

அவர் மேலே பார்த்தார். ஃபேன் இல்லை.

"பக்கத்து ரூம்ல" என்றேன்.

"நல்ல வடிவு. யார்ட கூடை?"

அந்த இடத்தில் என் வாய் என்னிடம் கேட்காமலே திறந்தது. "எங்க அம்மாவோடது மிஸ். அவங்க இப்ப இல்ல."

அம்மா இல்லை என்பது உண்மை. அவர் கொழுந்து பறித்தார் என்பதும் உண்மை. கூடைதான் பொய். ஆனால் பாதிப் பொய்க்கு எனக்குக் கண்ணீர் முழுசாகவே வந்தது. அதைப் பார்த்து மிஸ் கையிலிருந்த தாள் கோப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு, அந்தக் கூடையை நோக்கி இரண்டு கையையும் குவித்தார். தலையைக் குனிந்து ஒரு நிமிடம் நின்றார். நானும் குவித்தேன். வேறென்ன செய்ய.

"என்னாங்க நடக்குது இங்க?"

வாசலில் மதினி. இடுப்பில் ஈரச் சாக்கு, தலையில் துணி, கையெல்லாம் கொழுந்துச் சாறு. காலையில் கூடையில்லாமல் போய், சாக்கில் பறித்து, சாக்கில் போட்டால் கொழுந்து கசங்குகிறது என்று கணக்கப்பிள்ளையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, தேத்தண்ணி நேரத்தில் குறுக்குப் பாதையால் இறங்கி வந்திருக்கிறார். வந்த இடத்தில் அவருடைய கூடை சுவரில் தொங்குகிறது. அதன் முன் இரண்டு பேர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

மிஸ் பணிவாகச் சொன்னார். "இவங்கட அம்மாட கூடை நே. அம்மா மோசம் போயிட்டாங்க. பாவம்."

மதினி கூடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது என் கூடைங்க மிஸ். நான் எப்பங்க செத்தேன்?"

சொல்லிக்கொண்டே ஒரு எட்டில் போய்க் கூடையைக் கழற்றினார். பனியனின் ஒரு முனை கூடையின் பின்னலில் மாட்டியிருந்திருக்கிறது. கூடையோடு அதுவும் நீளமாக, வெட்கமில்லாமல் வெளியே வந்தது. பின்னாலேயே காற்று. மிஸ்ஸின் கோப்பிலிருந்த தாள்கள் கட்டில் முழுக்கப் பறந்தன. மிஸ் அந்த முறத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குனிந்து துளைக்குள் பார்த்தார்.

"டிரைவர் ரொட்டி சாப்பிடுறார்" என்றார்.

"காத்தோட்டத்துக்கு மிஸ்" என்றேன். நான்தான் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மிஸ் சிரிக்கவில்லை. தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தார். ஏமாற்றப்பட்டவர்களின் முகம் எப்படி மூடிக்கொள்ளும் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதிலும் இவர் கும்பிட்டு வேறு விட்டார். வாசலில் என் மனைவி நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கையிலிருந்த தட்டை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பார்த்த பிறகுதான் மதினிக்கு விஷயம் விளங்கியது. வந்திருப்பது யார், எதற்காக, தான் கழற்றியது என்ன என்று. அவர் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? நானாக இருந்தால் இன்னொரு பொய்யைத் தேடியிருப்பேன், இல்லை மிஸ்ஸின் காலைத் தேடியிருப்பேன். மதினி இரண்டும் செய்யவில்லை. கூடையைத் தரையில் வைத்தார். கையைச் சாக்கில் துடைத்தார். மிஸ்ஸுக்கு நேராகப் போய் நின்றார்.

"மிஸ், இந்தாளு பொய்க்காரர் இல்லைங்க. பயந்தாங்கொள்ளி. பொய்க்காரரா இருந்தா என்னையக் கொல்லாம வேற எதாச்சும் நல்லதா சொல்லியிருப்பாரு."

மிஸ் தாள் பொறுக்குவதை நிறுத்தினார்.

"செவுத்துல ஓட்டை இருக்கு. நீங்க பாத்துட்டீங்க, நானும் பாத்துட்டேன். அது இல்லைன்னு சொல்ல முடியாது. அத எழுதுங்க. ஆனா ஓட்டைய மட்டும் எழுதிட்டுப் போயிறாதீங்க. இங்க வாங்க."

கேட்கவில்லை, வாங்க என்றார். மிஸ் போனார். மதினி கட்டில் விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கி அவர் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். "இது இவ தோச்சது. மோந்து பாருங்க." மிஸ் உண்மையாகவே மோந்து பார்த்தார். குளியலறைக் கதவைத் திறந்தார். "இதுவும் இவ கழுவுனது. நம்ம வீட்ல இப்புடி இருக்காதுங்க, பொய் சொல்ல மாட்டேன்."

பிறகு வாசலில் நின்ற என் மனைவியைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார்.

"இவ புள்ள மடுவத்துல இருந்தவ மிஸ். நாங்க மழையில மலையில நிக்கையில எங்க புள்ளைகளப் பூராப் பாத்துக்கிட்டவ. எம்மகன் காச்சல்ல கெடந்தப்ப நான் கொழுந்து எட போட்டுட்டு ஓடி வாறேன், இவ மடியில போட்டு ஈரத்துணி போட்டுக்கிட்டு இருக்கா. அவ கையில எங்க புள்ளைகளக் குடுத்துட்டு நாங்க நிம்மதியா வேல செஞ்சோம். ஒங்க வெளிநாட்டுக்காரங்களயும் குடுத்துட்டுப் போங்க, ஒண்ணும் ஆகாது."

எனக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது. மிஸ் வந்ததிலிருந்து என் மனைவியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது என் மனைவி என்றுகூடச் சொல்லவில்லை. அந்த அறைகளில் மெய்யாக நன்றாக இருந்தது அவள் கைவேலை ஒன்றுதான். நானோ ஓட்டைக்குக் காவல் நின்றேன்.

மிஸ் என் மனைவியிடம் திரும்பினார். பிள்ளை மடுவத்தில் எவ்வளவு காலம் இருந்தீங்க, சமைப்பீங்களா, என்ன சமைப்பீங்க என்று கேட்டார். அவள் முதலில் திக்கினாள். பிறகு சோளக் கஞ்சியில் தொடங்கிக் கொள்ளு ரசம் வரைக்கும் போனாள். மிஸ் கட்டிலில் உட்கார்ந்து, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேட்டார். நடுவில் ஒரு தடவை என்னைப் பார்த்து, "நான் கும்பிட்டேன் நே" என்றார். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்க நேரமெடுத்தது. மதினியும் சேர்ந்துகொண்டார். "எனக்கு யாருங்க இப்புடி உசிரோட கும்பிடு போடுவாங்க, நான் குடுத்து வச்சவ" என்றார்.

மிஸ் எழுந்து தாள் கோப்பை மூடினார். "இப்ப கையெழுத்துப் போட ஏலாது. இதச் சரியா மூடுங்க. காய வைங்க. நான் திரும்ப வாறேன். வரும்போது இதுக்கு மேல ஒண்ணும் தொங்கக் கூடாது" என்றார். அனுமதி அன்று கிடைக்கவில்லை. ஆனால் கதவு மூடப்படவும் இல்லை.

மதினி அதற்குள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பின்னால் ஓடி ஏதோ சொல்லப் போனேன். "பனியன எடுத்து வைங்க, வெள்ளைக்காரருக்குப் போட்டோ எடுக்க ஆகும்" என்று சொல்லிக்கொண்டே மேட்டில் ஏறினார்.

மறுநாள் மேசன் பாஸ் சுவரை ஒன்றாகப் பார்க்கும் நிலையில் வந்தார். உள்ளே கல் வைத்து அடைத்துப் பூசினார். மழை நின்றபாடில்லை என்பதால் என் மனைவி கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் அடிக்கடி தொட்டுப் பார்த்துக் காயவைத்தாள். பாதி ஆயுள் பெயின்ட் விற்ற நான் தேர்ந்தெடுத்த நிறம் பழைய நிறத்தோடு ஒத்துப்போகவில்லை. பூசிய இடம் பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. அதன் மேல் மாட்ட என் கை ஒரு கடிகாரத்தைத் தேடிப் போனது. மனைவி பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டேன்.

மிஸ் சொன்னபடி திரும்ப வந்தார். அந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். "கலர் வேற நே" என்றார். "ஆமாங்க மிஸ், வேறதான்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

சீசன் தொடங்கிய பிறகு ஒரு நாள் அண்ணன் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அன்றைக்கு மதினி மலைக்குத் திரும்பியபோது தேத்தண்ணி நேரம் எப்போதோ முடிந்திருந்ததாம். கணக்கப்பிள்ளை அவருக்கு அரைப் பேர்தான் போட்டாராம். அதாவது பாதி நாள் வேலைதான் கணக்கு. அதைவிட, எல்லோர் முன்னாலும் ஒரு ஏச்சு. வருடக் கணக்காக ஒரு நாள் பிந்தாத மனுஷி. போய்க் கேட்டேன், ஏன் மதினி எங்ககிட்டச் சொல்லல, கூடைய எடுத்துக்கிட்டு அப்பவே போயிருக்கலாமே என்று.

அவர் கூடையை உதறிக் காயவைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எப்புடிப் போறது. ஒங்க மூஞ்சி வடிச்ச கஞ்சி மாதிரி இருந்துச்சு. அவ மூஞ்சியப் பாக்கவே முடியல."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வார்த்தை என் தலைமயிர் கொட்டுவதைப் பற்றி.

என் பயம் என்னை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் அது அடுத்த பொய்யாகிவிடும். ஆனால் யாராவது ஏதாவது செய்துவிட்டுக் கையும் களவுமாக முழித்துக்கொண்டு நிற்பதைக் காணும்போது, என் தப்பை என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அதே மூச்சில் எங்களுக்காக நின்ற அந்த ஈரச் சாக்கு மனுஷி நினைவுக்கு வருகிறார். நானும் நழுவிப் போகாமல் அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறேன்.